இரண்டாவது பாட்டில்

நான் சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி சொல்லப்போவது விளங்காது. சித்தூரில் எங்கள் வீட்டில் பால்காரர் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியதும் நைனா ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தின் மேல் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், போதகர் சொன்ன வசனம் அவர் சொன்ன அதிகாரத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று வேதத்தைப் புரட்டுவார். "போதகரையுமா நைனா?" என்று கேட்டால், "அவரும் மனுஷன்தானே, மறந்துபூட்டிருப்பாரு" என்பார். அவருடைய பெண் நான். மனநல மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

அறுபதுகளில் நான் டாக்டருக்குப் படித்தபோது சபை மொத்தமும் மகிழ்ந்தது. பிள்ளைப்பேறு பார்ப்பாள், ஏழைகளுக்கு ஊசி போடுவாள் என்று நினைத்தார்கள். மனநோய் வைத்தியம் என்று நான் சொன்னதும் எல்லோர் முகமும் மாறியது. இரண்டு வரன்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின. "பைத்தியங்களோட பழகிக்கினே இருந்தா இவளுக்கும் ஒட்டிக்கும்" என்று ஒரு வரனின் அம்மா சொன்னதாகக் காதுக்கு வந்தது. ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அம்மாளின் தங்கையே பிற்பாடு என்னிடம் வைத்தியத்துக்கு வந்தாள், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு.

வேலை திருப்பதியில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை மதியம் ரயிலேறி, பாகாலாவில் காத்திருந்து, சித்தூர் போவேன். பாகாலா ஜங்ஷனில் என் நோயாளிகள் யாராவது கண்ணில் படுவார்கள். என்னைப் பார்த்த நொடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். எனக்கு வணக்கம் சொன்னால் அவர்களுக்குப் பைத்தியம் என்று அர்த்தமாகிவிடும். நானும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் வருஷம் அழுகை வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

எங்கள் பிரிவின் தலைவர், நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்வோம், ஒரே ஒரு விஷயத்தில் உயிரை வைத்திருந்தார். எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு. சிலருக்கு மாத்திரை கொடுத்தால் ஒரு மாதத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் மாத்திரை, மின் அதிர்ச்சி எல்லாம் கொடுத்தும் சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்தபடியே வருஷக்கணக்கில் கிடப்பார்கள். அவர்களை என்ன செய்வது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எழுபதுகள் முழுக்க அதையே செய்தார், என்னையும் செய்ய வைத்தார்.

அந்தத் தொழிலில் முதல் பாடம் என்ன தெரியுமா? மாத்திரை வேலை செய்யவில்லை என்றால், விழுங்கவே இல்லை என்று வைத்துக்கொள். முதல் சந்தேகம் நோயாளி மேல். அடுத்தது அவர் வீட்டார் மேல். மருந்து மேல் கடைசியாக. எங்கள் மேல் ஒருபோதும் இல்லை. நாக்கை மடக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். தலையணைத் தையலைப் பிரித்திருக்கிறேன். பாலசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி தன் மாத்திரையில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவனும் கொஞ்ச நாளாகச் சோர்வாக இருந்தானாம். இப்படி ஏதாவது நடக்கிறது என்றால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். எங்கள் பிரிவில் எனக்கு நல்ல பெயர் அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரிய டாக்டர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். பழைய மாத்திரையோடு லித்தியம் என்ற உப்பைச் சேர்த்துக் கொடுத்தால், அசையாதவர்கள் அசைகிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்திருந்தது. நாங்களும் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பாட்டில். ஒவ்வொன்றும் ஆறு வாரம். ஒன்றில் லித்தியம், மற்றொன்றில் வெறும் மாவு. இரண்டும் ஒரே மாதிரி சிவப்பும் மஞ்சளுமான கேப்ஸ்யூலில் அடைத்தது. யாருக்கு எது முதலில் என்பது ஒட்டிய கவருக்குள், கவர் பெரிய டாக்டரின் மேஜை இழுப்பறையில், சாவி அவர் சட்டைப்பையில். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் நேரே அவருக்குத்தான் போகும். நோயாளி எவ்வளவு தேறினார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிற எனக்கு எது எது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் என் கண் பொய் சொல்லும். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நோயாளிகளுக்கும் சொல்லவில்லை. "புது மருந்து ஒண்ணு சேத்துத் தர்றோம்" என்பதோடு சரி. பாதி நாள் மாவு என்று சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்றார் அவர். நானும் தலையாட்டினேன். அந்தக் கட்டுரை சென்னையில் ஒரு பெரிய மாநாட்டில் வாசிக்கப்படும், அதில் என் பெயரும் இருக்கும், பல வருஷமாகத் தள்ளிப்போன பதவி உயர்வு கிடைக்கும். பச்சையாகச் சொன்னால், எனக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்த பெண்ணுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஆறு வருஷமாக எழுந்திருக்காதவள். புருஷர் மலைமேல் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிற ஸ்ரீவைஷ்ணவர். குழந்தை இல்லை. கீழ்த் திருப்பதியில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. காலையில் அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் மலையேறுவார், சாயங்காலம் இறங்கி வந்து மறுபடி கொடுப்பார். ஒல்லியான மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண்.

முதல் பாட்டில் நான்காவது வாரம் அவர் என் அறைக்கு வந்து நின்றார்.

"நேத்து சாத்தமுதுல உப்பு தூக்கலா இருக்குன்னா டாக்டரம்மா. ஆறு வருஷமா எதைப் போட்டாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேத்து என்னைத் திட்டினா."

சாத்தமுது என்றால் அவர்கள் பேச்சில் ரசம். அவர் கண்ணில் தண்ணீர். நான் எழுதிக்கொண்டேன். நம்பினேனா? இல்லை. டாக்டரைச் சந்தோஷப்படுத்த இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய பேர். அவளை அழைத்து வரச் சொன்னேன். தலை பின்னி, குங்குமம் இட்டு, நேராக நடந்து வந்தாள். "வீட்டுல யார் சமையல்?" என்று கேட்டேன். "இனிமே நான்தான். அவர் கையால மலைமேல பெருமாள் சாப்பிடட்டும், என்னால முடியாது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்தே போட்டேன்.

இரண்டாவது பாட்டில் தொடங்கி மூன்று வாரத்தில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் இல்லை. "படுத்துட்டா" என்றார். அவ்வளவுதான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. மறுநாள் அவருக்கு மலையில் வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு, சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. கூப்பிடாமல் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனேன், பெருமையாகச் சொல்லவில்லை, என் பழக்கம் அது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எச்சில் இலையும் காப்பிச் சக்கையும் கொட்டிக் கிடந்த இடத்தில், சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்ஸ்யூல் ஓடுகள். பாதி பாதியாகப் பிரித்தவை. ஒன்று இரண்டல்ல, வாரக்கணக்கில் சேர்ந்தவை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு. அடுத்த நொடி ஆய்வு நினைவுக்கு வந்தது. இவள் மருந்தே சாப்பிடவில்லை என்றால் என் கணக்கெல்லாம் குப்பை. எனக்கு முதலில் வந்த கவலை அதுதான். உள்ளே படுத்திருந்தவள் அப்புறம்தான் நினைவுக்கு வந்தாள்.

சத்தம் கேட்டு அவர் வந்தார். ஓடுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"என்னா ஐயா இது? இத்தன நாளா என் தலையில மிளகா அரைச்சுக்கினு இருந்தீங்களா?"

அவர் பதறவில்லை. "மேல இருக்கற ஓட்டை எலும்புலேந்து பண்றதா மருந்துக்கடைக்காரர் சொன்னார். அதை நாங்க எப்படி உள்ள தள்றது? உள்ள இருக்கறதை எலுமிச்சம்பழச் சாத்துல போட்டு, தேன் விட்டு, ஸ்பூன்ல குடுக்கறேன். ஒரு துளி சிந்தினதில்லை" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, ஆசாரம் பாக்கறான், இவனுக்கு மருந்து எதுக்குன்னு விட்டுடுவேளோன்னு பயம்."

கேப்ஸ்யூலை உடைக்கிற வீடும் இந்த ஊரில் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு.

"உட்காருங்கோ" என்றார். உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம், எங்கள் பாட்டில், இரண்டு கிண்ணம், ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். முதல் பாட்டில் நாட்களில் ஏகாதசி வந்ததாம். அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாளாம். கேப்ஸ்யூல் மிஞ்சினால் நான் கோபிப்பேன் என்று, மிஞ்சியதை எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு கிண்ணத்திலும் எலுமிச்சையைப் பிழிந்தார். பொட்டலத்திலிருந்து ஒரு கேப்ஸ்யூலைத் திறந்து ஒன்றில் கொட்டினார். சோடா போலப் பொங்கியது. இப்போதைய பாட்டிலிலிருந்து ஒன்றைத் திறந்து மற்றதில் கொட்டினார். ஒன்றும் இல்லை. வெள்ளையாக அடியில் படிந்தது.

"முதல் பாட்டில் பூரா பொங்கித்து. இது ஒரு நாளும் பொங்கலை. வெந்நீர்ல போட்டேன், கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆச்சு. மடப்பள்ளியில நாங்க ருசி பாக்கப்படாது டாக்டரம்மா. உப்போ புளியோ, கண்ணாலயும் விரலாலயும்தான் அளவு. இருபது வருஷமா அதான் என் தொழில். இது மாவு. மாவை எனக்குத் தெரியாதா?"

நான் இரண்டு கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில யாரோ மருந்தை எடுத்துண்டு மாவை ரொப்பறா. காம்பவுண்டரோ வேற யாரோ. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருக்கேன்." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "தெரியுமா?"

இத்தனை வருஷம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வையை அவர் என் மேல் வைத்திருந்தார். விசாரிக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கிளம்பும்போது உள்ளறையை எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான்கு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "நேத்து கெணத்தடியில நின்னுண்டிருந்தா. ஜலம் எடுக்க வந்தேன்னா. கையில குடம் இல்லை."

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சந்திலிருந்து ஆஸ்பத்திரிவரை நடந்த நேரம் முழுவதும் கட்டுரையைத்தான் யோசித்தேன். பாக்கி மூன்று வாரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த நோயாளி எங்கள் ஆய்வுக்குத் தங்கம். முதல் பாட்டிலில் எழுந்தாள், இரண்டாவதில் விழுந்தாள், இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாயைத் திறந்தால் கேஸ் போய்விடும். மூன்று வாரம்தானே, வீட்டில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. ஆஸ்பத்திரி வாசலில், குடிதண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நின்றார்கள். கையில் குடம் இல்லாமல் கிணற்றடியில் நின்றவள் நினைவுக்கு வந்தாள். நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் தெலுங்கில்தான் பேசுவார், கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார். மிக மெதுவாகக் கேட்டார், "மாவு விஷயத்தை நீதானே அவர்களிடம் சொன்னாய்?"

"இல்லை சார். எலுமிச்சம்பழம் சொன்னது."

நான் கிண்டல் செய்வதாக நினைத்தார். பொங்கியதை விளக்கினேன். நம்பவில்லை. எனக்கு வேறு ஏதோ பெரிய ஆஸ்பத்திரி வேலை மேல் கண் இருக்கிறதா, அதற்காக ஆராய்ச்சியைக் கெடுக்கிறேனா என்றுகூடக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சந்தேகித்திருப்பேன், அவரிடம் கற்றவள்தானே.

"கிணற்றடியில் நின்றிருக்கிறாள் சார். கையில் குடம் இல்லை" என்றேன்.

அவர் நாற்காலியை இழுப்பறைப் பக்கம் திருப்பினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கவரைக் கிழித்துப் படித்து என் பக்கம் தள்ளினார். முதலாவது லித்தியம். இரண்டாவது மாவு. மடப்பள்ளிக்காரர் சொன்னது எழுத்துப் பிசகாமல் இருந்தது.

அன்று மாலையே அவளை வார்டில் சேர்த்தோம். ரத்தம் பார்த்துப் பார்த்து நிஜ மருந்தை ஆரம்பித்தோம். ஒரு மாதம் ஆகும் முன்பே, வீட்டிலிருந்து வந்த தயிர்சாதம் புளிக்கிறது என்று புருஷரைத் திட்டினாள். வார்டு ஆயா ஓடிவந்து என்னிடம் சொன்னாள். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் புருஷரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "பாட்டில் மாறிப்போச்சு" என்றேன்.

"மாறிப்போச்சா, மாத்தினாளா?"

"மாறிப்போச்சு."

தலையாட்டினார். அடுத்த மாதம் மருந்து வாங்க வந்தபோது இடுப்பு மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். புதுப் பாட்டிலிலிருந்து ஒன்றைத் திறந்து, என் தண்ணீர் டம்ளரில் பிழிந்து, பொங்குவதைப் பார்த்தபிறகுதான் பாட்டிலைப் பையில் போட்டார். அதற்கடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும். வருஷக்கணக்கில். வெளியே காத்திருப்பவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். காம்பவுண்டர் அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார், அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர். நான் அவருக்காகவும் வாயைத் திறக்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு வரி உண்டு. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாத காரணத்தால் ஒரு நோயாளி ஆய்விலிருந்து விலக்கப்பட்டார். ஒரு துளி சிந்தாமல் தேனில் குழைத்துக் கொடுத்த வீடு அது. அச்சுக்குப் போகும்முன் பிழை திருத்தியவள் நான். காற்புள்ளி ஒன்றைச் சரிசெய்தேன், அந்த வரியை விட்டுவிட்டேன். மாநாட்டில் கை தட்டினார்கள். பதவி உயர்வும் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் அவள் தனியாக வந்தாள். அவருக்கு மலையில் உற்சவ வேலை. உட்கார்ந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"இது இல்லாம போகாதேன்னார்."

மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டினாள், சாறு இளகட்டும் என்று உருட்டுவோமே, அப்படி. உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"முதல் பாட்டில்ல எழுந்துண்டேன். ரெண்டாவதுல விழுந்தேன். பாட்டில் தானா மாறுமா டாக்டரம்மா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வந்திருந்தாள். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாறல. நாங்கதான் மாத்தினோம். ஆறு வாரம் மருந்து, ஆறு வாரம் மாவு, எல்லாருக்குமே. எது எதுன்னு எனக்கே அப்ப தெரியாது. அப்படிக் குடுத்துப் பாத்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்னு செஞ்சோம். உங்ககிட்ட கேக்கல. கேட்டிருக்கணும்."

உருட்டுவது நின்றது. அந்த ஆறு வாரத்தில் எந்த நாளை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இதை அவர்கிட்ட சொல்லிடாதேங்கோ" என்றாள் கடைசியில். "இப்போ அவர் பாட்டிலைச் சந்தேகப்படறார். சொல்லிட்டா உங்களைச் சந்தேகப்படுவார். அப்புறம் இங்க அனுப்பமாட்டார். நேக்கு வேற எந்த டாக்டர் இருக்கா?"

மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அறுங்கோ. பாத்துட்டுப் போறேன்."

நானே அறுத்து, நானே டம்ளரில் பிழிந்தேன். பாதி மேஜைமேல் சிந்தியது. அவள் பாட்டிலைத் திறந்து, தனக்குப் பிடித்த ஒன்றை அடியிலிருந்து பொறுக்கி எடுத்து, ஓட்டைப் பிரித்துக் கொட்டினாள். பொங்கியது. கடைசிக் குமிழி அடங்கும்வரை குனிந்து பார்த்திருந்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.